பச்சை அம்பு

செத்துப்போய் ஒரு வருஷம் ஆன புருஷனிடமிருந்து அன்று காலையும் ஒரு பதக்கம் வந்தது.

அடுப்பில் பால் ஏறி வரும் நேரம் பார்த்துத்தான் செல்போன் 'டிங்' என்றது. அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

'வாழ்த்துகள் ராக்கெட்! இதுவரை உங்கள் மிக வேகமான ஓட்டம்!'

பக்கத்தில் ஒரு பதக்கப் படம், மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு. கீழே குட்டியாக ஒரு வரைபடம். பழைய மலைப்பாதையின் வளைவில் தொடங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் முடியும் ஒரு கோடு. தினமும் அதே கோடு. நேற்றைவிட இன்று கொஞ்சம் சீக்கிரம், முந்தாநாளைவிட நேற்று கொஞ்சம் சீக்கிரம்.

அந்த வளைவில்தான் அவன் சைக்கிளிலிருந்து விழுந்தான். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்தான். "வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ஒரு அரைமணி முன்னாடி தகவல் வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னது அவள் காதில் அப்படியே இருந்தது. அந்த அரைமணியைத் தேடித்தான் தினமும் ஓட்டுகிறானா? செத்த பிறகும் பயிற்சியா?

"ஏண்டி, பால் பொங்கி ஊத்துது, நீ போனைப் பாத்துக்கிட்டு நிக்கிற! யாரு, கடைக்காரனா, கடன்காரனா?" என்று உள்ளே இருந்து நாத்தனார் கத்தினாள்.

"உங்க தம்பிதான்க்கா."

நாத்தனார் வாயில் பல்குச்சியோடு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த எகத்தாளம் ஒரு கணம் வடிந்தது, பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு வேலை செய்ய மாட்டான். இப்ப மட்டும் ஓடிக் கிழிக்கப் போறானாக்கும். அந்தக் கருமத்தை அழிச்சுத் தொலை."

அழிக்க மனசு வரவில்லை. சைக்கிள் ஓட்டத்தை அளந்து சொல்கிற அந்த ஆப்பை அவள் போனில் ஏற்றிவிட்டதே அவன்தான். தன் வேகத்தைப் பெண்டாட்டி பார்த்து மெச்ச வேண்டும் என்று அவனுக்கு ஒரு அற்ப ஆசை. சைக்கிள் கிளப்பில் அவனுக்குப் பெயர் ராக்கெட். எடை கூடும் என்று சைக்கிளில் இருந்த பெல்லைக் கழற்றினான், ஸ்டாண்டைக் கழற்றினான். விட்டால் தலைமுடியையும் மழித்திருப்பான். பெடல் என்று பெயருக்கு விரல் அகலத்தில் ஒரு முளை. அடியில் கட்டை பதித்த தனி ஷூவைப் போட்டு அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெறும் செருப்போடு போனால் கால் நிற்காது.

அவளுடையது முன்னால் கூடையும் பின்னால் கேரியரும் வைத்த கனத்த சைக்கிள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு. அவ்வளவுதான் அதன் உலகம்.

"இது சைக்கிளே இல்லடி. சக்கரம் வெச்ச கட்டில்" என்பான்.

"உங்களுதுல ஒரு கிலோ வெங்காயம் வைக்க இடமிருக்கா? அப்புறம் பேசுங்க."

ஒரே ஒரு தடவை அவளோடு சந்தைக்கு வந்தான். முன்னால் போகாமல், அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். பெடலை மிதிக்கவே இல்லை. மிதிக்காமல் விட்டால் அவன் பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று ஓயாமல் ஒரு சத்தம் போடும். வழி முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம். "என்னங்க இது, பேய் மாதிரி பின்னாடியே?" என்று அவள் எரிந்து விழுந்தாள். "நீ காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போ, நான் உன் மறைப்புல சுகமா வரேன். ரேஸ்ல இதான்டி பெரிய வித்தை" என்று சிரித்தான்.

அவன் விழுந்த அன்று அந்தச் சைக்கிள் காணாமல் போனது. ஆஸ்பத்திரி வாசலில் எவனோ வந்து "வளைவுல ஒருத்தர் கிடக்கார்" என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டானாம். விழுந்து கிடந்தவனிடம் திருடிவிட்டு, பிறகு மனசு உறுத்திப் போய்ச் சொல்லியிருக்கிறான் என்றது போலீஸ். ஊரும் அதையே சொன்னது. அவன் தனியாகக் கிடந்து செத்தானா? கண் எதிரே தன் சைக்கிளை ஒருவன் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே செத்தானா? ஒரு வருஷமாக அவளை அரித்துத் தின்ற கேள்வி இதுதான். லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தின் முன் உட்கார்ந்தால், அந்தக் கல் சுற்றச் சுற்ற இந்தக் கேள்வியும் கூடவே சுற்றும்.

ஒரு மாதமாகத்தான் இந்தப் பதக்கங்கள் வருகின்றன.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் நேராக மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரன்தான் சைக்கிள் கிளப்பின் கேப்டன். புருஷனைவிட வயதில் சின்னவன். அவள் போனை நீட்டியதும், இருமல் மருந்து கேட்டு நின்ற ஆளை மறந்துவிட்டுத் திரையையே பார்த்தான்.

"அண்ணி... இது அண்ணனோட மீட்டர்ல இருந்து வருது. ஹேண்டில்பார்ல மாட்டியிருப்பாரே, தீப்பெட்டி மாதிரி, அது. சைக்கிளோட போச்சே!"

"அதான் கேக்கறேன். போன மீட்டர் எப்படிப் பேசுது?"

"எடுத்தவன் எவனோ ஓட்டறான். திருட்டு ராஸ்கல், அண்ணன் பேர்லயே பதக்கம் வாங்கறான் பாருங்க. இருங்க, இதுல ஒண்ணு இடிக்குது." அவன் குரல் சட்டென்று இறங்கியது. "அந்த மீட்டர்ல சிம் கிடையாது அண்ணி. தானா எதையும் அனுப்பாது. ஏற்கெனவே பழகின வைஃபை கிடைச்சாத்தான் அனுப்பும்."

"பழகினதுன்னா?"

"அண்ணன் அதுல ஒரே ஒரு வைஃபைதான் போட்டு வெச்சிருந்தார்." மருந்து அட்டையைக் கையில் வைத்தபடியே அவளை ஏறிட்டான். "உங்க வீட்டுது."

கடைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு முதுகு நனைந்தது.

"அப்படின்னா..."

"தினமும் அந்தச் சைக்கிள் உங்க வாசலுக்கு வருது அண்ணி."

"யப்பா, அந்த இருமல் மருந்தைக் குடுத்துட்டுப் பேய்க்கதை பேசக் கூடாதா?" என்று எரிச்சலோடு குரல் கொடுத்தார் காத்திருந்தவர்.

மறுநாள் பொழுது விடிந்ததும், பால் சட்டியை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு வாசல் கதவின் பின்னால் போய் நின்றாள். கதவிடுக்கில் தெரு ஒரு கோடாகத் தெரிந்தது. கையில் போன்.

"நான் வேணா உலக்கையோட நிக்கட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"வேணாம்க்கா. பாலைப் பாருங்க."

"ஆவியா இருந்தா உலக்கை வேலைக்கு ஆகாதுதான்."

தெருமுனையில் ஒரு பெல் சத்தம் கேட்டது. சோம்பலான, பழக்கப்பட்ட பெல். ரொட்டிக்காரர். இந்தத் தெருவுக்குப் பல வருஷமாக ரொட்டி போடுகிறவர். இவர்கள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் கதவுக் கொக்கியில் பையை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் கொஞ்ச காலம் வேறு யாரோ போட்டார்கள். அட, நல்ல நேரம் பார்த்து வந்தாரே, இவர் இருந்தால் அந்தத் திருடன் வருவானா என்று அவள் சலித்துக்கொண்ட அதே நொடியில் அந்தச் சத்தம் கேட்டது.

டிக் டிக் டிக் டிக்.

பெடல் மிதிக்காமல், விட்ட வேகத்தில் உருண்டு வரும் அந்தப் பின்சக்கரம். சத்தம் நெருங்கியது, மெதுவானது, வாசலுக்கு நேரே நின்றது.

கையில் போன் 'டிங்' என்றது.

கதவைத் திறந்தாள்.

பையைக் கொக்கியில் மாட்டப்போன கை அந்தரத்தில் நின்றது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ரொட்டிக்காரருக்கு. வியர்வை சொட்டியது, மூச்சு இன்னும் சீராகவில்லை. அவருக்குப் பின்னால் ராக்கெட்டின் கறுப்புச் சைக்கிள். ஆனால் அதற்கு அவர் செய்திருந்த வேலை! முளைகள் இருந்த இடத்தில் அகலமான ரப்பர் பெடல்கள். பின்னால் கேரியர், அதில் ரொட்டிப் பெட்டி. ஸ்டாண்டு. தாழ்த்தி இறக்கிய சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை. ஹேண்டில்பாரில் அந்தத் தீப்பெட்டி மீட்டர். அதன் பக்கத்தில் தடித்த ஒரு பெல். பந்தயக் குதிரைக்கு மூட்டை ஏற்றியது போல நின்றது அது.

"நீங்களா?" என்றாள்.

அவர் ஓடவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, தலையில் இருந்த துணித் தொப்பியைக் கழற்றினார்.

"நான் திருடலம்மா."

"அப்ப இது என்ன?"

"அவர்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு."

நாத்தனார் உலக்கையோடு வெளியே வந்தாள். வந்தவள், அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டாள். "உள்ள வந்து பேசுய்யா. தெருவே பாக்குது" என்றாள்.

அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மலை மேல பேக்கரியிலேர்ந்து தினமும் அந்தப் பழைய பாதையிலதாம்மா இறங்குவேன். புது ரோடு போட்டப்புறம் அதுல வண்டி வாசியே கிடையாது. அன்னிக்கு வளைவுல மண்ணு கொட்டிக் கிடந்துச்சு. சறுக்கி விழுந்திருக்காரு. நல்லாத்தான் பேசினாரு. வயிறு மட்டும் வலிக்குதுன்னாரு. அங்க போன்ல சிக்னல் எடுக்காது. நான் ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லிட்டு வரேன்னு என் பழைய சைக்கிள் வண்டியைத் திருப்பினேன். பெட்டி நிறைய ரொட்டி. அதைப் பாத்துட்டு அவரு சிரிக்கிறாரும்மா."

"சிரிச்சாரா?"

"ஆமாம்மா. 'யோவ், உன் வண்டியில போனா நான் செத்தே போயிடுவேன். என்னுதை எடு, காத்தா பறக்கும்'னாரு."

அவளுக்கு அந்தக் குரல் கேட்டது. அச்சு அசலாக அவன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. ரேஸ் சைக்கிளாச்சே. அதை எடுத்தேன். என் மேல்சட்டையை மடிச்சு அவர் தலைக்கு வெச்சேன். என் வண்டியை அவர் கைக்கு எட்டற மாதிரி பக்கத்துல சாய்ச்சு வெச்சேன். 'பெல்லை அடிச்சுக்கிட்டே இருங்க சார், யாராச்சும் அந்தப் பக்கம் வந்தா கேக்கும்'னேன். ஏறினா கால் நிக்கல. என் செருப்பு அந்த முளையில வழுக்குது. சீட்டு என் இடுப்பு உசரம். விழுந்தேன். எழுந்தேன். 'கியரை மாத்துய்யா, இடது பக்கம்'னு அவரு கத்தறாரு. மாத்தினேன், செயின் கழண்டுது. மாட்டினேன். இறக்கத்துல பிரேக் எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள மறுபடி விழுந்தேன். முட்டி போயிடுச்சு. அப்புறம் தள்ளிக்கிட்டே நொண்டி நொண்டி ஓடினேன். வழி பூரா பெல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. ரொம்ப தூரத்துக்குக் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கல. தூரத்தினாலதான் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

அடுப்படியில் பால் பொங்கிக் கரியும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சும்மா. வாசல்ல சொல்லிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வளைவுக்கே திரும்பிப் போனேன். அதுக்குள்ள அவரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என் வண்டி மட்டும்தான் கிடந்துச்சு, அது யாருதுன்னு யாரும் விசாரிக்கவே இல்ல. மறுநாள் இதைக் குடுத்துடலாம்னு இங்க வந்தேன். 'ஒரு சைக்கிளுக்காக உசுருக்குப் போராடறவரைப் போட்டுட்டுப் போனானே, அந்தத் திருடன் விளங்குவானா'ன்னு உள்ள நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க. அப்படியே திரும்பிட்டேன். அதோட படுத்தவன்தான், முட்டி எலும்பு கூடி நான் எழுந்து நடக்க மாசக்கணக்காச்சு."

"சரி. இப்ப ஏன் தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டறீங்க?"

அவர் அந்தச் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். பயமும் பகையும் கலந்த பார்வை.

"அன்னிக்கு எனக்கு இது அடங்கலம்மா. பெடலை மாத்தினேன், சீட்டை இறக்கினேன், எல்லாம் பழகிட்டேன். வளைவு வந்ததும் பட்டனை அமுக்குவேன். உசுரைக் குடுத்து மிதிப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல மறுபடி அமுக்குவேன். இப்பெல்லாம் சீக்கிரமாப் போயிடறேன். இப்ப அவரு விழுந்தா, நான் காப்பாத்திடுவேன்." தொப்பியைக் கசக்கினார். "ஆனா ஒண்ணே ஒண்ணை மட்டும் ஓட்டிப் பாக்க தைரியம் வரல."

"எதை?"

"என் வண்டியை. அன்னிக்கு அதுலயே நான் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு. கண்ணை மூடினா அதேதாம்மா. தூக்கமே இல்ல. தெரிஞ்சுட்டா, ஒண்ணு நிம்மதி, இல்லைன்னா..."

அவள் உள்ளே போனாள். நடையில் சாய்த்திருந்த தன் கூடை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது உங்க வண்டி மாதிரிதானே?"

"அதே கனம்தாம்மா."

"மீட்டரைக் கழட்டி இதுல மாட்டுங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி வாங்க."

"உனக்குப் பைத்தியமாடி?" என்றாள் நாத்தனார். பிறகு அவளே உள்ளே போய், சமையலறையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவந்து கூடை சைக்கிளின் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். "ரொட்டிக்குப் பதில் இது. செய்யறதை ஒழுங்காச் செய்."

வளைவில் இப்போது மண் இல்லை. ஓரத்தில் புல் முளைத்திருந்தது. அவள் ஒரு காலை ஊன்றி நின்று அந்த இடத்தைப் பார்த்தாள். தனியாக இல்லை அவன். தலைக்கு ஒரு சட்டை இருந்தது, திட்டுவதற்கு ஒரு மனுஷன் இருந்தான், அடிப்பதற்கு ஒரு பெல் இருந்தது. வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று கழற்றிப்போட்ட பெல்.

பட்டனை அமுக்கினாள்.

அவள் பந்தயம் ஓடவில்லை. சந்தைக்குப் போகிற வேகம்தான். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்து விட்டுப் பிடித்து இறங்கினாள். மேட்டில் எழுந்து நின்று மிதித்தாள். அரிசி மூட்டை பின்னால் இழுத்தது. சங்கிலி முனகியது. வண்டி ஒரு தடவைகூட ஆடவில்லை, வழுக்கவில்லை, கழலவில்லை. பின்னால் ரொட்டிக்காரர், மீட்டர் இல்லாத கறுப்புச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவளுடைய வேகத்துக்கு அவர் மிதிக்கவே தேவையில்லாமல் இருந்தது.

டிக் டிக் டிக் டிக்.

ஆஸ்பத்திரி வாசல். பட்டனை அமுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தாள். கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. ரொட்டிக்காரரின் நேற்றைய ஓட்டத்தைவிட மெதுவாம். அம்புக்குப் பக்கத்தில் எண்.

இருபத்தைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எண் மாறவே இல்லை. அவள்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவர் சேர ஆனது ஒரு மணி நேரத்துக்கும் மேல். டாக்டர் கேட்டது வெறும் அரைமணி. சக்கரம் வைத்த கட்டில் தாராளமாக வந்து சேர்ந்திருக்கும். ரொட்டி, பெல், ஸ்டாண்டு எல்லாவற்றோடும் சேர்ந்திருக்கும்.

பின்னால் ஸ்டாண்டு போடும் சத்தம். ரொட்டிக்காரர் நொண்டிக்கொண்டே வருகிறார்.

மீட்டரின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். புருஷன் எத்தனையோ தடவை இப்படிச் செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். மோசமாக ஓட்டிய நாளை அவன் இப்படித்தான் இல்லாமல் ஆக்குவான். 'அழிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றாள். திரை வெறுமையானது.

"எவ்வளவும்மா?"

அவள் திரும்பி, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"முக்கால் மணி நேரத்துக்கு மேல. டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்து சேந்திருக்க முடியாதுண்ணா. அன்னிக்கு எந்த சைக்கிள்ல வந்திருந்தாலும் முடியாது."

அந்த மனுஷன் அப்படியே சாலையோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அது நின்றது. ஒரு வருஷம் தூங்காத உடம்பு அந்தச் சுவரிலேயே ஒரு நொடி கண் அசந்துவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த சைக்கிளை நீங்களே வெச்சுக்கங்க. ரொட்டி போடுங்க. ஆனா இனிமே மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

"சரிம்மா."

மீட்டரைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மிச்ச ரொட்டியைப் போட அவர் இடதுபக்கத் தெருவில் திரும்பினார். கறுப்புச் சைக்கிள் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு, அவள் வீட்டுப் பாதையில் மிதித்தாள்.

இனி அந்த எண் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவரால் தூங்க முடியும். அவளால்?

தெரு காலியாக இருந்தது. காற்று எதிரே அடித்தது. முதல் திருப்பத்தைத் தாண்டியதும், முதுகுக்குப் பின்னால், பின்சக்கரத்தை ஒட்டி அது தொடங்கியது.

டிக் டிக் டிக் டிக்.

தன் சைக்கிள்தானோ என்று மிதிப்பதை நிறுத்திப் பார்த்தாள். கூடை சைக்கிள் சத்தமில்லாமல் உருண்டது. அந்தச் சத்தம் மட்டும், அவள் வேகத்துக்கு அளவெடுத்தது போல, விடாமல் வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது என்று தெரியும், அதனால்தான்.

"அவரு பேச்சைக் கேட்டிருந்தா நேரத்துக்கு வந்து சேந்திருப்பீங்க" என்றாள் எதிர்க்காற்றைப் பார்த்து. "இந்தக் கட்டில்லயே."

கட்டைவிரலால் பெல்லை ஒரு தரம் அடித்தாள். பிறகு, பின்னால் வருகிறவனுக்கு மறைப்பு விலகிவிடாதபடி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து மிதித்தாள்.